நிற்கும்போது மட்டும்

ஓடும்போது ஒரு குறையும் இல்லை.
எதிர்காற்றே போதும் அதற்கு,
முள் பாதியில் நிற்கும், சாது மாதிரி.
நின்றால்தான் வினை.

மெஹிகாலியில் நிற்காமல் எங்கே போவது?
மதியம் இரண்டுக்கு வரிசையில் சேர்ந்தால்
நாலரைக்குச் சோதனைச்சாவடி.
எல்லைக்கு அந்தப் பக்கம்
நான் துடைக்க வேண்டிய பல் மருத்துவமனை, பதினோரு அறைகள்.
நடுவில் நானூறு கார்கள்,
நாற்பத்தேழு டிகிரி,
என் பழைய நிசான் சுரு.

விசிறி சில நாள் சுற்றும்,
சில நாள் சுற்றாது.
சுற்றாத நாளில் ஃபிதென்சியோவின் பட்டறைக்கு ஓட்டிப் போவேன்.
பானட்டைத் தூக்குவான்.
சுற்றும்.
"உன் வண்டிக்கு என்னைக் கண்டால் பயம்" என்பான்,
பெருமையாக.

முதலில் ஃபியூஸ் மாற்றினான், பத்து பேசோ.
பிறகு ரிலேயைப் பிடுங்கி
ஹாரனின் ரிலே இருந்த இடத்தில் சொருகினான்.
ஹாரன் அலறியது. ஆக, ரிலே நிரபராதி.
பிறகு சென்சார். அறுநூறு.
(அந்த மாதம் மகளின் கண்ணாடி தள்ளிப்போனது.)
கடைசியில் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்தான்,
விர்ரென்று சுற்றியது.
"மோட்டார் தங்கம்" என்று என் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தான்.

ஒவ்வொரு முறையும்
இரண்டு நாள் நல்லபடியாக ஓடியது.
இரண்டு நாள் நம்பிக்கைக்கு அறுநூறு அதிகமா, தெரியவில்லை.

ஜூலை, ஒரு வியாழன்.
முள் சிவப்பைத் தொட்டது.
ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன்,
எஞ்சினின் காய்ச்சலைக் கொஞ்சம்
நான் வாங்கிக்கொள்ளலாம் என்று.
முழங்காலில் அனல். செருப்பு ஒட்டியது.
முன்னால் ஒரு கார் இடம் காலியானது,
பின்னால் பத்து ஹாரன்கள்.
அணைத்துவிட்டு இறங்கித் தள்ளினேன்.

துடைப்பம் விற்கிற பையன் உரியேல்
சரக்கைத் தரையில் போட்டுவிட்டுக் கூடத் தள்ளினான்.
பிறகு, கேட்காமலே, பானட்டைத் திறந்து
சாவியைப் போடச் சொன்னான்.
சென்சார் கட்டளையிட்டது, ரிலே டிக்கென்றது,
விசிறி அசையவில்லை.
ஒரு துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து
மோட்டாரின் முதுகில் கட்டையால் தட்டினான்.
ஒன்று.
இரண்டு.
இருமியது. பிறகு சுற்றியது.

"உள்ளே கரி தேஞ்சு போச்சு, சேன்யோரா.
தட்டினா ஒட்டும், ஒட்டினா சுத்தும்.
எங்க வீட்டுக் கூலரும் இதே ஜாதிதான்."

அப்போதுதான் உறைத்தது:
பட்டறைக்குப் போகிற வழியில்
என் தெருவின் குழிகளே அதைத் தட்டிக் கொடுத்திருக்கின்றன.
சுற்றும்போதெல்லாம் சோதித்தோம்.
சுற்றாதபோது பக்கத்தில் யாரும் இல்லை.

துடைப்பம் எழுபது பேசோ. வாங்கிக்கொண்டேன்.
நான் வாங்கியதிலேயே மலிவான உதிரிபாகம்.
மூன்று வாரம் அதுதான் வைத்தியம்.
சாவடியில் அதிகாரி கேட்டார், பின்சீட்டில் எதற்கு இது என்று.
வேலைக்கு என்றேன். பொய்யில்லை.

சம்பளம் வந்ததும் பழைய இரும்புக் கடையில்
பின்பக்கம் நசுங்கிய ஒரு டாக்சியின் விசிறி கிடைத்தது.
ஃபிதென்சியோ என் மோட்டாரைப் பிளந்தான்.
கரித்துண்டுகள் அரிசி அளவுக்குத் தேய்ந்திருந்தன,
உள்ளங்கையில் கறுப்புத் தூள் கொட்டியது.
கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டே இருந்தான்.
கூலி வேண்டாம் என்றான்.
சென்சார் பணத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.

இப்போது வரிசையில்
முள் கொஞ்சம் ஏறும், இரைச்சல் கிளம்பும்,
முள் இறங்கும், இரைச்சல் அடங்கும்.
ரேடியோ போடுவதில்லை.
இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்று எனக்கு முன்னால் ஒரு பச்சை ஃபோர்டு,
பானட்டின் இடுக்கில் வெள்ளை ஆவி.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்,
டாக்டர் மாதிரி.
அவருக்கு ரேடியேட்டரே பிளந்திருந்தது.
துடைப்பத்தைக் கூரைமேல் வைத்துவிட்டு
இரண்டு பேருமாகத் தள்ளினோம்.