ஆமணக்கெண்ணெய் அரை லிட்டர்

சனிக்கிழமை ஏழு மணிக்கு
புதுச்சேரி உப்பளம் உள்ளரங்கில்
'உப்பு யானை' வாசிக்கிறது.
நாலாயிரம் டிக்கெட் போய்விட்டதாம்.
நான் கேள்விப்பட்டவரை அந்த யானைக்கு இருப்பது
இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ்,
ஒரே பாட்டை இருபத்து மூன்று நிமிடம்
முடிக்க மனசில்லாத ஒரு பையன்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில்
கெமிஸ்ட்ரி லேப் உதவியாளன்.
அவர்களுக்கும் எனக்கும் சம்பந்தம்
ஒரு பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர்.
பீரோ மேல் ஒன்பது வருடம் குப்புறக் கிடந்தது.

பெலிசித்தா வந்து கேட்டாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
"கம்ப்யூட்டர்ல எல்லா கலரும் வருதுண்ணே.
ஆனா வழுக்க மாட்டேங்குது.
எனக்கு எண்ணெய் வேணும்."
தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார்,
'கல்விப் பயன்பாட்டுக்கு' என்று.

வாட்ச் கிளாஸ் இரண்டு.
அடித்தட்டில் ஆமணக்கெண்ணெய்,
அதன் மேல் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீர்,
அதன் மேல் இரண்டாம் தட்டு, அதன் மேல் என் கட்டைவிரல்.
தனிம அட்டவணையைக் கழற்றிய சுவரில்
கல்லில் ஊற்றிய மாவாய் விரிந்தது ஏதோ ஒன்று,
பிறகு பயந்து சுருங்கியது.
அவள் போனில் யானை எழுந்து நின்றது.
அவசரமே இல்லாத யானை.
டிரம்ஸ் ஒரு முறை அடித்தால் நான் ஒரு முறை அழுத்தினேன்.
மூன்றாவது நிமிடத்தில்
யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"சிவப்ப உள்ள தள்ளுங்க. ஆங்... இப்ப பச்சை."

சொல்லிவிடுகிறேன்.
எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சாணி நிறம்.
முதுநகர் போகும் வழியில்
மேல்விளக்கு எரிந்தால் நிற்பேன், கீழ்விளக்கு எரிந்தால் போவேன்.
லேப்பில் எல்லாப் புட்டியிலும்
நானே ஒட்டிய டேப், நானே எழுதிய எழுத்து.
பினால்ஃப்தலீன் பரவாயில்லை.
மெத்தில் ஆரஞ்சுதான் பத்தொன்பது வருடமாக
என்னைப் பொய் சொல்ல வைக்கிறது.
"ஆச்சா? நல்லா பாத்துச் சொல்லு" என்பேன்.
பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள் பிள்ளைகள்.

திருச்சியில் ரயில்வே டாக்டர்
புள்ளிகளால் ஆன ஒரு புத்தகம் வைத்திருந்தார்.
"என்ன நம்பர் தெரியுது?"
"புள்ளி தெரியுது சார்."
பக்கம் திருப்பினார்.
"இதுல?"
"இதுலயும் புள்ளிதான்."
ஊருக்கு வந்து, மார்பளவு பத்தவில்லை என்று சொன்னேன்.
அம்மா ஒரு வருடம் முட்டை அவித்துக் கொடுத்தாள்.

சுவரில் இப்போது அதே புள்ளிகள்,
ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம்,
ஒன்றை ஒன்று விழுங்கி, துப்பி, நகர்கின்றன.
எண்ணெய்க் கையில் டேப் உரிந்து வந்துவிட்டது.
'சி' எது, 'ப' எது?
ஏதோ ஒரு புட்டியைக் கவிழ்த்தேன்.

பெலிசித்தா போனை நிறுத்தினாள்.
யானை பாதிக் காலைத் தூக்கியபடி நின்றது.
ஹெல்மெட்டைக் கழற்றினாள், அப்போதுதான்.
"அண்ணே, எத ஊத்தினீங்க?"
நான் வாயைத் திறப்பதற்குள்,
"எதுவா வேணா இருக்கட்டும். சனிக்கிழமை நீங்களே வந்து ஊத்துங்க.
ஆயிரத்து ஐந்நூறு. பரோட்டா தனி."

இன்று வியாழன்.
பல்பு ஒன்றுதான் இருக்கிறது. கடலூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.
அது போனால் நாலாயிரம் பேரும் இருட்டில் ஆடவேண்டியதுதான்.
புதுச்சேரி பஸ்ஸில் இதற்கு லக்கேஜ் போடுவானா,
மடியில் வைத்தால் விட்டுவிடுவானா, தெரியவில்லை.
ஆமணக்கெண்ணெய் அரை லிட்டர் வாங்கியாயிற்று.
கேசரிப் பவுடர், பழைய வேட்டித் துணி, சொட்டு ஊற்ற நாலு பில்லர்.
கடைக்காரர் கேட்டார், "வழக்கமா வாங்குவீங்களே, டேப்?"
இருக்கட்டும் என்றேன்.