முதுகு

பாலையூற்றுச் செபமாலை என்றால் தெரியாது.
கப்பல் எரியும்போது மேல்தட்டிலிருந்து
பாய்கிற முதுகு என்றால்
ஒரு காலம் ஊருக்கே தெரியும்.

மிச்சமெல்லாம் வெண்டல் ஹோல்ஸ்டெட்.
முகம், குரல், சுவரொட்டியில் முதல் வரி.

அவன் உயரம் எனக்கு. அதுதான் தகுதி.
விடிய ஐந்துக்கே என்னை நிறுத்தி
விளக்கை ஏற்றுவார்கள், இறக்குவார்கள்,
கமராவுக்கும் என் மூக்குக்கும் நாடா பிடிப்பார்கள்.
எட்டரைக்குக் குடையின் கீழ் வருவான்,
என் காலடியில் கால் வைப்பான்,
நாலு நிமிஷம்.
அந்த நாலு நிமிஷத்தில் குறை சொல்ல ஏலாது.

வெயில் ஆறினால் கதைப்பான்.
துறைமுகத்தில் பொறுக்கின இங்கிலீசு எனக்குப் போதும்.
ஒகாயோவில் இறைச்சிக்கடைக்காரன் மகன்.
பதினாறில் முதல் மேடை:
இரண்டு மாதம், இரவுக்கிரவு, பிணம்.
"மூச்சை ஒளிக்கப் படித்தேன்,
பிறகு வந்ததெல்லாம் லேசு."
நியூயோர்க், வாடகைப் பாக்கி, ஒரு ராசா வேஷம்,
இரண்டு கலியாணம், சினிமா.
தண்ணீர் என்றால் மட்டும் பயம்.
அதைச் சொன்னபோதும்
உட்துறைமுகத்துக்கு முதுகு காட்டித்தான் இருந்தான்.

பாய்ந்தது நான்.
ஈரம் சொட்ட நின்றவனைத் தோளில் பிடித்துக் கேட்டான்:
விழும்போது காதில் என்ன?
ஒண்டுமில்லை, என்றேன்.
கோயில் மணி ஓய்ந்த பிறகும் கயிறு ஆடுமே,
அப்படி ஒரு சத்தமில்லாமை.
தண்ணீர் முதலில் சுடும். பிறகுதான் குளிரும்.
இன்னொருக்காச் சொல்லச் சொன்னான்.
உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டான்.

படம் ஊருக்கு வந்தது. விசில்.
"அது எங்கட ஆளின்ட முதுகு" என்றாள் றெஜினா.
பின்வரிசை சிரித்தது.

அடுத்த வருஷம் ஒரு மாலுமி போட்டுவிட்டுப் போன சஞ்சிகையில்
துரை தானே பாய்ந்ததாகச் சொல்லியிருந்தான்.
ஆடுகிற கயிறு, சுடுகிற தண்ணீர்,
ஒரு சொல் பிசகவில்லை.
கள்ளன் என்று ஒரு கிழமை திட்டினேன்.

பிறகு அவன் மேடைக்கே திரும்பினானாம்.
கடைசி வருஷங்களில் வசனம் மறந்து நிற்பானாம்;
நடிப்பென்று நினைத்துச் சனம் அழுமாம்.
போன மாசியில் செத்தான்.

அந்தச் சஞ்சிகையை இன்னும் எறியவில்லை.
கடைசியில் ஒரு வரி, நான் சொல்லிக் கொடுக்காதது:
"மேலே வரும்போது ஒரு பெண்ணின் பெயர்
வாயில் இருந்தது, உப்போடு."

இருந்தது.
நான் அவனுக்குச் சொல்லவில்லை.
ஒருத்தருக்கும் சொல்லவில்லை.
றெஜினாவுக்குச் சொல்லவே ஏலாது.