அரைப்பக்கத் திருத்தம்

தில்லையில் கத்தி வைப்பவன்
காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பான்.
ஹிரோமு கதகிரி பார்க்கவில்லை.
எழுபத்தொன்பது, வைகாசி,
வட்டுவாகலுக்கு இப்பால், முழங்கால் சேற்றில்,
பட்டையைக் கீறிவிட்டுக் குனிந்து
பால் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
“கண் போகும், விலகு” என்று யோக்கீம் கத்தினான்.
அதை இங்கிலீசில் சொல்லத்தான்
கச்சேரியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.
நான் வாயெடுக்கமுன் ஒரு துளி தெறித்து
அவருடைய மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.
கழற்றவில்லை.
அந்தத் துளிக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பதினொரு நாள், நாற்பது போத்தல்.
யோக்கீமுக்குப் போத்தலுக்கு ஐந்து ரூபா,
எனக்குக் கதை.

பனி கொட்டும் கடற்கரை ஊர்.
தகப்பன் ரயிலுக்குக் கொடி காட்டுபவர்.
சண்டை முடிந்த வருசம்
வற்றாளங்கொடியை அவித்துத் தின்றார்களாம்.
இரசாயனம் படிக்கப் போனது
பல்கலைக்கழகத்தில் அந்த ஒரு கட்டடத்தில்தான்
குளிருக்கு அடுப்பு எரிந்தது என்பதற்காக.
இதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.
பிறகு ஈதர் மணம் பிடித்துக்கொண்டது,
மனைவிக்குப் பிடிக்கவில்லை.

நாற்பது போத்தலையும் வடித்து, பிரித்து,
திரும்பவும் பிரித்து,
கடைசியில் மிஞ்சப்போவது
நகக்கண்ணில் ஒட்டுமளவு தூள்.
கண்ணை எரிப்பது அதுதான்.
அதன் உருவம் வேண்டும் அவருக்கு.
ஈர்க்கால் ஈரமணலில் கீறிக் காட்டினார்:
ஐந்து மூலை அறை, ஆறு மூலை அறை,
நடுவில் ஏழு மூலையோடு கோணலாய் ஒன்று.
“இந்தக் காபனின் கை
மேலே நீட்டியிருக்கிறதா, கீழேயா?
இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”
யோக்கீம் எட்டிப் பார்த்தான்.
“வீடு நல்லாயிருக்கு, வாசல் எங்கை?” என்றான்.
நான் அதை மொழிபெயர்க்கவில்லை.
இன்றைக்கும் அது ஒரு கவலை.

எண்பத்துநான்கில் கட்டுரை வந்தது.
கை மேலே.
நன்றி சொன்ன இடத்தில்
என் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு,
யோக்கீம் “உள்ளூர் உதவியாளர் ஒருவர்.”
பிறகு அவர் பேராசிரியரானார்,
பதக்கம் ஒன்று கிடைத்தது,
ஓய்வுபெற்றார்.
இங்கே எங்களுக்கும் வருசங்கள் போயின.

போர் முடிந்து இரண்டாம் மாரியில்
நாலு முகவரி வெட்டப்பட்டு
ஓர் உறை என்னிடம் வந்து சேர்ந்தது.
அரைப்பக்கம். மேலே “திருத்தம்.”
மிச்சத் தூளை இருபத்தேழு வருசம்
உறைகுளிரில் வைத்திருந்திருக்கிறார்.
புதுக்கருவி வந்ததும், யாரும் கேளாமலே,
எடுத்துப் பார்த்திருக்கிறார்.
கை கீழே.
பிழை என்னுடையது, கருவியுடையதல்ல, என்று எழுதியிருந்தார்.
அதன் கீழே:
பால் எடுத்தவர் பெயர் யோக்கீம், வட்டுவாகல்.
அதையும் அன்றே எழுதியிருக்க வேண்டும்.

மேசையில் அதை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.
கடைசி மாதங்களில் மாவுக்காகத் தலை எண்ணிய
கிளாக்கர்களில் நானும் ஒருவன்.
பதுங்குகுழிக்குள் கொப்பியை மடியில் வைத்து
நான் எழுதிய எண் ஒன்று.
மேலே போய் நின்ற எண் வேறு.
மாவு அந்த எண்ணுக்குத்தான் வந்தது.
திருத்தம் எவரும் அனுப்பவில்லை.
நானும் அனுப்பவில்லை.

உறைக்குள் இன்னொரு பிரதி,
யோக்கீமிடம் கொடுக்கச் சொல்லி.
செலஸ்தீனாவிடம் கொண்டுபோனேன்.
இரண்டு வருசமாய் அவள்
பொலித்தீன் பைக்குள் ஒரு கோப்போடு
கந்தோர் கந்தோராய்த் திரிகிறாள்.
அறைகளையும் மூலைகளையும்
தலைகீழாயும் பிடித்துப் பார்த்தாள்.
“என்ன கிடக்கு இதில?”
“யோக்கீமின்ரை பேர், எழுத்துப் பிழையில்லாமல்.”
“திகதி?”
“எழுபத்தொன்பது வைகாசி.”
“அண்டைக்கு உயிரோட நிண்டவர் எண்டு
இதைக் காட்டலாமோ?”

அடையாள அட்டைப் பிரதிக்கும்
கலியாணப் பதிவுக்கும் நடுவில்
அதைச் செருகினாள்.
மடிக்கவில்லை.