நிலைத்து எரிகிற மஞ்சள்

இஷ்பெமிங்கில் மூன்றாம் நாளாகப் பனி.
வெர்னா லுக்காரினெனின் பழைய ப்யூக்கில்
மஞ்சளாய் ஓர் இன்ஜின் படம் முளைத்தது.

'தொள்ளாயிரம் டாலர் ஆகும்' என்றான் பட்டறைக்காரன்,
பானெட்டைத் திறக்காமலே.

அவளோ ஆஸ்பத்திரிச் சலவை அறையில்
இரவெல்லாம் ஊரார் காய்ச்சலை வெளுப்பவள்.
கறை எது, வெறும் நிழல் எது
என்று பார்த்ததும் தெரியும்.

விளக்கு கண் சிமிட்டவில்லை.
சிமிட்டினால்தான் உடனே ஓரங்கட்ட வேண்டும்:
வண்டியோடு வந்த புத்தகம்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
காபி சிந்திய வரிக்குக் கீழே.

உதிரிபாகக் கடைப் பையன்
காசு வாங்காமல் கருவியைச் செருகி
ஓர் எண்ணைச் சொன்னான்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பெட்ரோல் டேங்கின் மூடி.
குளிரில் ரப்பர் வெடித்திருந்தது.
பதினான்கு டாலர். சில்லறையாகவே எண்ணி வைத்தாள்.

அணைய இரண்டு நாள் எடுத்துக்கொண்டது.
பிறகு நான்கு நாள் நல்ல இருட்டு.

ஐந்தாம் நாள்
மறுபடி மஞ்சள்.

பாட்டரி கடிக்கும் குளிரில்
ஃபின்னிஷில் ஒரு கெட்ட வார்த்தை,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
கடை திறக்க இன்னும் இருபது நிமிடம்.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள்,
அடுத்த எண்ணுக்கு.