பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப்
திருவொற்றியூரில் எங்கும் கிடைக்கவில்லை.
பாரிமுனையில் கோர்ட் வாசலில் ஒருவர்
பதினைந்து ரூபாய்க்குக் கொடுத்தார்.
கணக்குக் கேட்கப் போகிறவள்
முதல் ஐந்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் தன்மையாகத்தான் பேசினார்.
"எஃப்.ஐ.ஆர். காப்பி குட்தாச்சே,
இன்னும் இன்னாமா?"

ஐஸ் ஃபேக்டரி திருப்பத்தில்
கன்டெய்னர் வண்டி வளையும்போது
பின்சக்கரம் எங்கே ஏறும் என்று
சைக்கிளில் போகிற எல்லோருக்கும் தெரியும்.
என் தம்பி தனகோட்டிக்கும் தெரியும்.
தெரிந்தே போனவர்கள் எத்தனை பேர்
என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

முதலில் எழுதிய மனு முழுக்க ஏன்.
ஏன் விளக்கு எரியவில்லை, ஏன் தடுப்பு இல்லை,
ஏன் அவன்.
ஜெராக்ஸ் கடை சம்மனசு படித்துப் பார்த்து
எல்லா ஏனையும் பேனாவால் அடித்தாள்.
"ஏன்னு கேட்டா அது தகவலே இல்லம்பான்.
எத்தினி, எப்போ, எந்த நம்பர், எந்தப் பக்கம்,
அப்டி கேளு.
பேப்பர்ல இருக்கறத கேட்டாத்தான்
பேப்பர் வரும்."

மேற்படி திருப்பத்தில் ஐந்து ஆண்டுகளில் பதிவான
விபத்துகளின் தேதி, நேரம், வழக்கு எண்,
பொது நாட்குறிப்பில் அவை உள்ள
பக்கங்களின் சான்றிட்ட நகல்.
என் வாழ்க்கையில் நான் எழுதிய
மிக நீளமான வாக்கியம் அது.
அழுவதற்கு அதில் ஓர் இடம் இல்லை.

முப்பது நாள் என்றார்கள்.
முப்பத்து நான்காம் நாள் ஒற்றைத் தாள்:
தாங்கள் கோரும் தகவல்
கோரும் வடிவில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை.

தொகுக்கவேண்டாம் ஐயா,
மேல்முறையீட்டில் எழுதினேன்,
தொகுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.
கரண்ட் போன விடியலில்
சங்கராவையும் கிழங்காவையும்
தடவிப் பார்த்தே பிரித்துக் கூறு கட்டுகிற கை இது.

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது,
யாரோ ஒருவருடைய கோழிக்கால் கையெழுத்தோடு.
ரேஷன் கார்டுக்குள் செருகி வைத்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.
மின்விசிறிக்கு அடியில் அதிகாரி.
"நீங்க எந்த அமைப்பு?"
"காசிமேடு. மூணாவது வரிசை."
சிரித்தார்.
நான் சிரிக்காததைப் பார்த்து
கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

முப்பத்தேழு பக்கம். எழுபத்து நான்கு ரூபாய்.
சலான் கட்டி, ரசீது காட்டி,
கவரை மீன் வாசமுள்ள பையில் போட மனமில்லாமல்
மார்போடு பிடித்துக்கொண்டு
பஸ்ஸில் நின்றே வந்தேன்.

பெயர்கள் மேலெல்லாம் கறுப்பு மை.
சட்டம் அப்படியாம்.
மைக்கு அடியில் தம்பி எந்தப் பக்கத்தில்?
நேரத்தை வைத்துத் தேடினேன்.
அதிகாலை 4.40. சைக்கிள் ஒன்று.
எவர்சில்வர் தூக்கு ஒன்று, மூடி இல்லை.
ஆண், வயது சுமார் 45.

முப்பத்து மூன்றுதான்.
டார்ச் வெளிச்சத்தில் யாரோ
பன்னிரண்டு வருஷம் கூட்டி எழுதியிருக்கிறார்கள்.
வாழாத வருஷங்கள் அவை.
மூடி வீட்டில்தான் இருக்கிறது,
அன்றைக்கு அவசரத்தில் விட்டுப்போனது.

தரையில் பரப்பிக் கூறு கட்டினேன்.
மொத்தம் பத்தொன்பது.
நாலு மணிக்கும் ஐந்துக்கும் நடுவில் மட்டும் பதினொன்று.
அடுத்த மனு மாநகராட்சிக்கு:
அந்த விளக்குக் கம்பத்தின் எண்,
கடைசியாக பல்பு மாற்றிய தேதி.
சம்மனசு ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறாள்.

ஆனால் பதிமூன்றாம் பதிவை
எந்தக் கூறிலும் வைக்க முடியவில்லை.
மே மாதம். பெண், வயது சுமார் 50.
அலுமினிய அன்னக்கூடை ஒன்று, நெளிந்தது.

அந்த மே மாதம்
நம் மார்க்கெட்டுக்கு
யார் வராமல் போனது?
தூரத்து வாடிக்கைக்குக்
கூடையோடு நடந்தே போகிறவர்கள் எத்தனை பேர்,
எல்லாருக்கும் அக்கா என்றே பெயர்.
ஒருநாள் வருவார்கள், பிறகு வரமாட்டார்கள்,
மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்போம்.

நாளைக்கு ஏலம் தொடங்குமுன்
வாய்விட்டுக் கேட்கவேண்டும்.