பெயர் எழுதாத கேசட்

சின்ன மனிதன். வெள்ளை. தொப்பி இருந்திருக்கலாம்.
இடமிருந்து வலமாக நடப்பான்,
விழுந்தால் இரண்டு தரம் சிமிட்டிவிட்டு
வாசலிலிருந்து மறுபடி தொடங்குவான்.
நாற்பத்தைந்து வயதில்
அவனைப் பற்றிச் சொல்ல
என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கிணறோ சுரங்கமோ, கீழே இறங்கும் ஓர் இடம்.
வௌவால்கள்,
இல்லையென்றால் மோசமாக வரைந்த குடைகள்.
அறைக்கு ஒரு சாவி, மொத்தம் ஏழு.
இதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை:
கேசட்டின் முதுகில் ஏழு என்று
பென்சிலால் எழுதியிருந்தது.
அது ஏழாவது கேசட் என்பதால், என்கிறாள் ராட்கா.

பழைய ஆட்டங்களைச் சேகரிக்கும் ஹானுஷ்
வாரத்துக்கு மூன்று படம் அனுப்புகிறான்.
இதுவா?
இல்லை, இதில் தண்ணீர் இருக்கிறது.
இதுவா?
ஆள் இவன்தான், வேறு வேலைக்குப் போயிருக்கிறான்.
பின்னணி நீலமா கறுப்பா, அதையாவது சொல், என்கிறான்.
எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு
நீலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஹானுஷ்.

ப்ர்னோ நகரம், சதுக்கத்துக்குப் பின்தெரு, மூன்றாம் மாடி.
அம்மாவின் தொழிற்சாலையில் விளாஸ்திமில் என்றொருவர்
நகலெடுத்துத் தந்த கேசட்.
ஏறி முடிய ஐந்து நிமிடம் ஆகும்.
தகரத்தில் ஆணி இழுக்கும் சத்தம்,
அந்த ஐந்து நிமிடமும் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது,
தரை அதிர்ந்தால் எல்லாம் போச்சு.
சின்னத் திருப்புளியால் டேப்பின் தலையை
கால் சுற்றுத் திருகிவிட்டு
மூச்சை அடக்கி நிற்பாள் ராட்கா.
அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது.

ஒரே விசைப்பலகை, இரண்டு பேர்.
நடப்பது என் வேலை, தாவுவது அவள் வேலை.
அதனால்தானோ என்னவோ
எனக்குச் சுவர்கள் நினைவிருக்கின்றன,
அவளுக்குப் பள்ளங்கள்.
சுவரே கிடையாது என்று சத்தியம் செய்கிறாள்.

ஆனால் ஏழாவது சாவியை நான் எடுத்தேன்.
ஒரே ஒருமுறை.
எடுத்ததும் எல்லாச் சாவிகளும் சேர்ந்து குலுங்கின,
நூறு இருக்கும், ஆயிரம் இருக்கும்,
மேசைமேல் இருந்த டம்ளர் நடுங்கியது.
இதை எழுதியபோது ஹானுஷ் உடனே பதில் போட்டான்:
அந்தப் பெட்டிக்கு ஒரே தொண்டை, அப்பா.
ஒரு நேரத்தில் ஒரு கீச்சு.
ஒற்றைச் சாவி விழும் ஓசைகூட அதனால் ஆகாது.
உன்னுடையது வேறு எந்திரம்.

வேறு எந்திரம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

ராட்காவை அழைத்தேன்.
வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
ஜன்னல் கொக்கி உடைந்திருந்ததே, அந்த நவம்பர், என்றாள்.
அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போனாள்,
கதவைப் பூட்டாமலே.

சதுக்கம் கொள்ளாத கூட்டம்.
வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, அலுவலக அலமாரிச் சாவி,
கையிலிருந்ததை உயர்த்திக் குலுக்கினார்கள்,
நேரமாயிற்று, கிளம்புங்கள் என்று
நாற்பது வருடம் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளிடம்
சொல்வதுபோல.
பாடப் புத்தகத்தில் எனக்கு அது ஒரு பத்தி.
மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

அப்படியானால் ஏழாவது சாவி?
நீ எடுக்கவில்லை, என்றாள்.
சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு ஓடிவிட்டேன்.
தாவ ஆளில்லை.
நீ பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தாய்.

விழுந்தேனா என்று கேட்கவில்லை.
அவள் திரையைப் பார்க்கவில்லையே.

ஹானுஷுக்கு எழுதினேன்:
சத்தத்தை விட்டுவிடு, தொப்பியை மட்டும் தேடு.
இன்று காலை இன்னொரு படம் வந்தது.
வௌவாலும் இல்லை, குடையும் இல்லை.
ஒரு பள்ளம் இருக்கிறது, நல்ல அகலம்.
ராட்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.
இன்னும் பார்க்கவில்லை.