ஒன்பது ஐந்து

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூன்றாவது ஷட்டர் எங்கள் கடை.
களியக்காவிளைக்குப் போகும் ஒவ்வொரு லாரிக்கும்
மானிட்டர் ஒருமுறை சிலிர்க்கும்.

காலையில் தாக்கோலைத் திருகி
பட்டனை அமுக்கி
நாற்காலியில் கிடக்கும் பேப்பர் துணுக்கைத் தட்டுவதற்குள்
நான் கூப்பிடாமலே விழித்துக்கொள்ளும் சிலது:
பிரிண்டர், கடிகாரம்,
காலாவதியாகிவிட்டேன் என்று தினமும் புலம்பும் ஆன்டிவைரஸ்,
கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டி, வெள்ளை எழுத்து:
"விஜிலா, சாயா குடிச்சியா?"

ஜஸ்டஸ் வைத்துவிட்டுப் போனது.
மஸ்கட் விசா வந்த வாரம்
ஸ்டார்ட்டப்பில் இரண்டு வரி எழுதிப் போட்டான்.
அங்கே போய் ஒரு போன் கிடையாது.
ஆனாலும் ஒன்பது ஐந்துக்குத் தவறாமல் கேட்கிறான்.
குடித்தேன் என்று சொல்ல அதில் இடமில்லை.
எந்த விசையைத் தட்டினாலும்
மூடிக்கொள்ளும்.

புதன்கிழமை சபைச் செயலாளர் எட்வின்தாஸ்
அசன நோட்டீசு அடிக்க வந்தார்.
நோட்டீசு பென் டிரைவில்,
பென் டிரைவ் காணிக்கைக் கவரில்.
செருகினேன்.
நான் எதையும் திறக்கவில்லை; இதை
முதலாளியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.
விளக்கு இரண்டுமுறை சிமிட்டியது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு குணம்.
வாசலில் வருகிறவன்
"நான் நுழைந்ததும் இதைச் செய்" என்று
ஒரு சீட்டு நீட்டினால்
யார் எழுதியது என்று கேட்காது.
செய்துவிடும்.
எங்கள் வீட்டு நாய்க்குக்கூட இத்தனை பணிவு இல்லை.

மதியத்துக்குள் எல்லா ஃபோல்டரிலும்
மூலையில் ஒரு வளைந்த அம்பு.
ரப்பர் பில், தேன் சங்கம் லேபிள், குழித்துறை கல்யாண ஆல்பம்:
பெயர் அதே, உள்ளே ஆள் வேறு.
தட்டினால் தன் காரியத்தை முதலில் முடித்துவிட்டு
நம் ஃபோல்டரையும் திறந்து காட்டுகிறது.
கேட்டது கிடைத்தவன்
மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை.

பில் புத்தகத்தைப் பார்த்தேன்.
காலையிலிருந்து பதினேழு பென் டிரைவ்.
கருங்கல், தக்கலை, பள்ளியாடி, அருமனை...
எல்லா ஊருக்கும் நானே கொடுத்தனுப்பியிருக்கிறேன்,
சில்லறையோடு சேர்த்து.
ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன்.
ஒருத்தர் மட்டும் திட்டினார்.
மற்றவர்கள் "சரி மக்கா" என்றார்கள்,
அது இன்னும் கஷ்டம்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
ஒளித்து வைத்ததையெல்லாம் வெளியே இழுத்தேன்.
தானாக ஓடும் வசதியை அணைத்தேன்.
ஸ்டார்ட்டப்பில் கடைசியாக அவன் ஃபைல்.
திறந்தேன்.
இரண்டு வரி.
சாயா. விசையைத் தட்டு.

ஓரத்தில் உருட்டுப்பட்டை இருந்தது.
இரண்டு வரிக்கு எதற்கு?
உருட்டினேன், வெறும் இடம்.
இன்னும் உருட்டினேன், வெறும் இடம்.
அடியில், அவன் எழுதாத ஒரு வரி:
எந்த டிரைவ் வந்தாலும் ஒட்டிக்கொள்.

தினமும் நான் எதிர்பார்த்திருக்கும் கதவுதான்
அதற்கு வசதிப்பட்டிருக்கிறது.

கீழ்வரியை மட்டும் வெட்டலாம். கை போனது.
மேல்வரி இருக்கும்வரை
நாளைக்கு எவன் எழுதினாலும்
ஜஸ்டஸ் குரலில்தான் பேசும்.

"நிச்சயமாக அழிக்கவா?"
அன்று முழுவதும் அது என்னிடம்
அனுமதி கேட்டது அந்த ஒருமுறை.

வியாழன், ஒன்பது ஐந்து.
நீலத்திரை, ஒரு லாரி, ஒரு சிலிர்ப்பு.
வர்கீஸ் கடையில் சாயா குடித்துவிட்டு வந்து
அசன நோட்டீசைப் பிழை திருத்தினேன்.
"சாப்பாட்டு" வில் ஒரு புள்ளி விட்டிருந்தது.
ஆயிரம் நோட்டீசில் தட்டிய கடைசி வரியை
முதல்தடவை நின்று வாசித்தேன்:
இதையே நேரில் அழைத்ததாகக் கருதி
அனைவரும் வருக.

"ஐந்நூறா அண்ணா, ஆயிரமா?"
எட்வின்தாஸ் கவரைப் பிரித்தார்.
உள்ளே இன்னொரு பென் டிரைவ்.
"மருமகனுக்க," என்றார்,
"இது சுத்தம்."